வெள்ளைத் துணிக்குக் கீழே

முதலில் கோணலாய்ப் போனது காகிதத் தோரணம்தான். குளிர்காய நெருப்பு மூட்டும் ஃபயர்பிளேஸின் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கட்டும் என்று கஜனி பார்த்துப் பார்த்து ஒட்டிய பொன்னிறத் தோரணத்தின் வால்கள், அவள் ஏணியிலிருந்து இறங்கிப் பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது, நேராகத் தொங்கவில்லை. நடுவிலே இருந்த அந்தக் கரிய வாயை நோக்கி இரண்டும் மெல்ல வளைந்து நின்றன, உள்ளே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் போல.

சிமினிக் காற்று இழுக்கிறது என்று நினைத்தாள். நீங்களும் நானும் அப்படித்தான் நினைத்திருப்போம். தோரணத்தை மறுபடி நேராக்கி, நுனியில் இன்னொரு துண்டு ரேப் ஒட்டி அழுத்தும்போதுதான் அவளுக்கு அந்த நினைவு வந்தது. மில்லிக்கன் பகுதியில் இருக்கும் இந்த வீட்டை வாங்கும்போது பரிசோதிக்க வந்தவர் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, சிமினியின் வாயை எப்போதோ கொங்கிறீற் போட்டு மூடிவிட்டார்கள், இனி அதற்குள் ஒரு ஈ கூடப் போய் வராது என்று சொன்னார். ஈ போகாத இடத்தில் காற்று எப்படிப் போகும்?

யோசிக்க நேரமில்லை. நாளைக்கு வீடு நிறைய ஆட்கள் வரப்போகிறார்கள்.

நாளைக்கு அகவிக்குப் பல்லுக்கொழுக்கட்டை. யாழ்ப்பாணத்து வீடுகளில் குழந்தைக்கு முதற்பல் முளைத்தால் அப்படியொரு கொண்டாட்டம் உண்டு. பிள்ளையை நடுவில் இருத்தி, தலைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, மாமி முறையானவள் சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளை அந்தத் தலையில் கொட்டுவாள். பிறகு பிள்ளைக்கு முன்னால் புத்தகம், பேனை, காப்பு, கண்ணாடி என்று பரப்பி வைப்பார்கள். அது எதைத் தொட்டு எடுக்கிறதோ, அதுவே அதன் வருங்காலம். எல்லோரும் கைதட்டுவார்கள், சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். கல்யாணமாகி எத்தனையோ வருடம் ஊசியும் மருந்தும் கண்ணீருமாகக் கிளினிக் வாசலில் காத்துக் கிடந்து பெற்ற பிள்ளை அகவி. இனி ஒன்று கிடைக்காது என்று டொக்ரரே சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளையின் கீழ் முரசில் ஒரு அரிசிமணி அளவுக்கு வெள்ளையாய் எட்டிப் பார்த்த பல்லை முதன்முதலாக விரலால் தடவிய அன்று கஜனி குசினித் தரையில் இருந்து அழுதாள்.

அதனால்தான் ஒரு வாரமாக இந்தப் பாடு. எல்லோரும் செய்வது போலச் சுவரில் ஒரு திரையைக் கட்டி முன்னால் கதிரை போட அவளுக்கு மனம் வரவில்லை. முன்னறையில் பழுப்புச் செங்கல்லோடு சும்மா கிடந்த ஃபயர்பிளேஸை வெள்ளையாகப் பெயின்ற் அடித்தாள். மேலிருந்த மரத்தட்டில் சின்ன லைற் சரமும் பிளாஸ்டிக் மல்லிகையும் சுற்றினாள். பலூன்களை வளைவாகக் கட்டினாள். அதற்குள்ளே, அந்தக் குழிக்குள்ளேயே, பட்டுத் துணி விரித்து ஒரு மெத்தையைப் போட்டு, பிள்ளையை அதில் இருத்துவது என்று முடிவெடுத்திருந்தாள். படச் சட்டத்துக்குள் சாமி இருப்பதைப் போல இருக்கும்.

மத்தியானம் கொழுக்கட்டையின் பதம் பார்க்கவென்று ஒரு பெட்டி கொண்டுவந்து தந்த நிலாணி, கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள். நாளைக்குக் கொழுக்கட்டை கொட்டப்போகும் மாமியும் அவள்தான்.

"என்னடி உது? அடுப்புக்குள்ளயோ பிள்ளையை இருத்தப் போறாய்?"

"அடுப்பில்லையடி, ஃபயர்பிளேஸ். மேல மூடியாச்சு. இப்ப அது சும்மா ஒரு ஓட்டை."

"ஓட்டைக்குள்ள இருத்தப் போறன் எண்டு சொன்னா இன்னும் வடிவாத்தான் இருக்கு. நீயும் உன்ர கண்டறியாத ஐடியாவும்." நிலாணி சிரித்தாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள். "பெயின்ற் மணம் போகேல்லை. அதுக்குள்ள வேற என்னவோ மணக்குது, கஜி. ஈரத் துணியை அடைச்சு வைச்ச மாதிரி."

"பழைய கல்லு. நாளைக்குச் சாம்பிராணி காட்டினா சரியாப் போயிடும்."

"உன்ர மனிசன் திலக்சன் எப்ப வாறார்?"

"அவற்ர லொறி கிங்ஸ்டன் தாண்டீற்றுதாம். ராவைக்கு வந்திடுவார்."

நிலாணியின் கார் போனபின் வீடு அமைதியானது. வெளியே பனி கொட்டத் தொடங்கியது. மாசி மாதத்து வெளிச்சம் சாயந்தரமாகும் முன்பே சாம்பலாய்த் தேய்ந்து, சன்னல் கண்ணாடியில் அறையின் லைற் சரம் மஞ்சள் புள்ளிகளாக மிதந்தது. கஜனி போனைத் தாங்கியில் நிறுத்தி, படம் எப்படி விழும் என்று பார்த்தாள். வெறும் மெத்தை விழுந்தது. பிள்ளை இல்லாமல் அளவு தெரியவில்லை. வெளிச்சம் முகத்தில் படுமா, துணி எவ்வளவு தூரம் மறைக்கும், ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. ஒரு ஒத்திகை பார்த்தால் என்ன?

இந்தச் சடங்குக்கு யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் அப்படி ஒருத்தி செய்வாள் என்று யாரும் நினைத்ததில்லை. சுற்றமெல்லாம் சூழ்ந்து நின்று பிள்ளை எங்களுடையது என்று சொல்கிற வேளை அது. கஜனி சுற்றம் இல்லாமல், ஒரு விளக்கும் ஏற்றாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த வாய்க்குள் இருத்தினாள்.

அகவி சிரித்தாள். பலூன்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கஜனி வீடியோவைத் தட்டிவிட்டு, வெள்ளைத் துணியைப் பிள்ளையின் தலையில் போர்த்தி, நிலாணியின் பெட்டியிலிருந்து கைநிறையக் கொழுக்கட்டை அள்ளி, "நாளைக்கு மாமி செய்வா, இண்டைக்கு அம்மா" என்று சொல்லிக் கொட்டினாள்.

கொழுக்கட்டைகள் தலையில் பட்டு உருண்டன. முன்னால் அல்ல. எல்லாமே பின்னால், இருட்டுக்குள் உருண்டன. ஒன்றுகூடப் பின்சுவரில் மோதும் சத்தம் கேட்கவில்லை.

துணி தட்டையாகியது.

ஒரு கண் இமைப்புத்தான். மெத்தையின் மேலே வெறுமையாய், மடிப்புக் குலையாமல், துணி படுத்துக் கிடந்தது. அடுத்த கணம் அது மெல்ல எழுந்து ஒரு சின்னத் தலையின் உருண்டையாகியது. கஜனி பாய்ந்து துணியை இழுத்தாள். அகவி இருந்தாள். அழாமல், சிரிக்காமல், அவளையே பார்த்துக்கொண்டு.

"பயந்திட்டியோ செல்லம்? அம்மாவுக்குத்தான் கண் இருண்டு போச்சுது."

அள்ளி எடுத்தாள். பிள்ளை கனத்தது. தோளில் சாய்த்து வழக்கம் போலக் கழுத்துக்குள் மூக்கைப் புதைத்தாள். பாலும் பவுடரும் கலந்த அந்த வாசனை இல்லை. மழையில் ஊறிய செங்கல் மணந்தது. குழிக்குள்ளே இருத்தி எடுத்ததால் மணம் ஒட்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு வெந்நீரில் துணி நனைத்துக் கழுத்தையும் கையையும் துடைத்தாள். முகத்தைத் துடைத்தாள். வாயைத் துடைக்கையில் விரல் உள்ளே போனது.

முரசு வழுவழுவென்று இருந்தது.

மறுபடி தடவினாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். இரத்தம் இல்லை, பள்ளம் இல்லை, கீறல் இல்லை. பல் என்று ஒன்று அங்கே ஒருநாளும் இருந்ததில்லை.

திலக்சன் போனை எடுத்தபோது பின்னால் லொறியின் இரைச்சலும் துடைப்பான் அடிக்கும் சத்தமும் கேட்டன.

"என்னப்பா, பிள்ளைக்குப் பல்லைக் காணேல்லை."

"என்னது?"

"பல்லு. முளைச்ச பல்லு. காணேல்லை."

"எட்டு மாசப் பிள்ளைக்குப் பல்லு விழுமே? வடிவாப் பாரும். வீங்கி மூடியிருக்கும்."

"வீக்கம் இல்லை. இது… இவள் அழுறாளே இல்லை. ஒரு மாதிரிப் பாக்கிறாள். நீங்கள் கெதியா வாங்கோ."

"ஸ்னோ கொட்டுது, கஜி. ஊர்ந்து ஊர்ந்துதான் வாறன். நீர் ஒரு கிழமையா நித்திரையில்லாமல் உந்தப் பலூனோட நிக்கிறீர். தேத்தண்ணி ஒண்டு போட்டுக் குடியும். நான் வந்து பாக்கிறன்."

போன் நின்றது. அதன் திரையில் சற்று முன் எடுத்த வீடியோ கிடந்தது. பார்க்காமல் விட்டிருக்கலாம். அவள் பார்த்தாள்.

அதில் அவள் கொழுக்கட்டையைக் கொட்டினாள். துணி தட்டையானது. பிறகு எதுவும் நடக்கவில்லை. வெறுந்துணி கிடந்தது. பக்கத்தில் வெறுங்கையை நீட்டியபடி, வாயில் பாதிச் சிரிப்போடு, கண்ணைக்கூட இமைக்காமல் கஜனி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். சன்னலில் இருந்த சாம்பல் வெளிச்சம் கறுத்தது. அவள் விரலால் வீடியோவை முன்னே தள்ளினாள். இன்னும் தள்ளினாள். அவள் நின்றாள். துணி கிடந்தது. கடைசியில் குழியின் பின்சுவர்ப் பக்கமிருந்து ஏதோ தாழ்வாக அசைந்து வந்தது. துணிக்கு அடியில் புகுந்தது. எழுந்து உட்கார்ந்தது.

அவள் கண் இமைப்பு என்று நினைத்தது அவ்வளவு நேரம்.

மடியில் இருந்த பிள்ளையும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கஜனி கத்தவில்லை. கத்தினால் அதற்குத் தெரிந்துவிடும் என்று ஏனோ நினைத்தாள். அதைக் கையில் தூக்கிப்போகும் கூடைக் கார் சீற்றில் வைத்தாள். பெல்ற்றைப் போட்டாள். கிளிப்பை அழுத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே வெளிச்சம் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், இது அகவிதான், உனக்குத்தான் மூளை குழம்பிப் போச்சு என்று யாராவது சொல்வார்கள். அப்படி யாராவது சொல்லிவிட்டால் போதும். அவர்கள் காலில் விழுந்து கும்பிடுவாள். சப்பாத்தைப் போட்டாள். வாசல் கதவைத் திறந்தாள். பனி முகத்தில் அறைந்தது.

அப்போது கேட்டது.

முன்னறையிலிருந்து. சுவருக்குள்ளிருந்து. பசி வந்தால் முதலில் இரண்டு தரம் விக்கி, பிறகு இழுத்து அழும் அந்த அழுகை. ஆயிரம் பிள்ளைகள் அழுதாலும் அவள் பிரித்து எடுத்துவிடுவாள். மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்தது. உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

கார் சீற் வாசலிலேயே கிடந்தது. கதவு திறந்தபடி கிடந்தது. கஜனி ஓடினாள்.

பலூன்களைப் பிய்த்தாள். மெத்தையை எடுத்து வீசினாள். வயிற்றில் படுத்துக் குழிக்குள் தலையை விட்டாள். பின்சுவர் இருந்த இடத்துக்குக் கையை நீட்டினாள். கல் தட்டுப்படவில்லை. முழங்கை போனது. தோள் போனது. குளிர். ஈரம்.

"அகவி. அம்மா வந்திட்டன். கையைத் தா, செல்லம். கையைத் தா ராசாத்தி."

அழுகை எதிரொலித்துக்கொண்டு கிட்ட வந்தது.

ஒரு சின்னக் கை அவள் விரலைப் பிடித்தது. சூடாக இருந்தது. ஐயோ, சூடாக இருந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மெல்ல இழுத்தாள். இன்னொரு கை மணிக்கட்டைப் பற்றியது. வா, வா.

மூன்றாவது கை முழங்கையில் பட்டது.

அவள் அசையவில்லை.

நான்காவது. அதற்கு அடுத்தது. எல்லாம் சின்னக் கைகள். எல்லாம் சூடு. எதிரொலி என்று நினைத்த அழுகை எதிரொலி இல்லை. பல வாய்கள். ஒரே குரல். இரண்டு தரம் விக்கி, பிறகு இழுத்து. அத்தனையும் அகவி.

"எது?" என்றாள். "எது என்ர பிள்ளை?"

எல்லாம் இறுகப் பிடித்தன. ஒன்றை உதறினால் அது அவளாக இருக்கலாம். கஜனி மற்றக் கையையும் உள்ளே விட்டாள். அகப்பட்டதையெல்லாம் பிடித்தாள்.

பின்னால், வாசல் பக்கம், கிளிப் கழன்றது.

பிறகு மரத்தரையில் ஒரு மெல்லிய சத்தம். வெறுங்கால். நின்றது. இன்னொன்று.

அகவிக்கு இன்னும் தவழவே தெரியாது.

திரும்பிப் பார்க்க வேண்டுமானால் கைகளை விட வேண்டும். காலடி தரைவிரிப்பைத் தாண்டியது. வெடித்த பலூன்களை மிதித்தது. அவள் இடுப்பருகே வந்து நின்றது. மூச்சு இல்லை.

ஒரு சின்ன உள்ளங்கை முதுகில் பதிந்தது. அதன் பக்கத்தில் மற்றது.

இரண்டும் சேர்ந்து அவளை மெல்ல உள்ளே தள்ளத் தொடங்கின. கஜனி பிடியை விடவில்லை.