மூடாத படுக்கையறை

ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும் ஜனவரியில், ஹம்சினியின் மகள் பூர்ணாவின் அறை ஜன்னல் விளிம்பில் ஓர் ஈ செத்துக் கிடந்தது. வேறு யாராயிருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பார்கள். ஹம்சினிக்குச் செத்த ஈயைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கிரீன்லாந்தில், கடல் கடந்து வந்து குடியேறிய நார்ஸ் குடியானவர்கள் பல நூறு வருடங்களுக்கு முன் விட்டுப்போன பழைய பண்ணை வீடுகளைத் தோண்டும் குழுவில் அவள் வேலையே அதுதான். உறைந்த தரையிலிருந்து பூச்சிகளைப் பொறுக்கி, எந்த அறையில் ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்வாள்.

லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஆள் சூடு இருக்கும் அறையில் மட்டும் பிழைக்கிற ஈ. ஆகஸ்டில் தோண்டிய படுக்கையறைத் தரையில் இதே ஈ அடுக்கடுக்காக இருந்தது. அதற்கு மேல் அடுக்கில், சூடெல்லாம் அடங்கியபின் குளிரில் பிணம் தேடி வருகிற கறுப்பு ஈ.

"நம்ம டொலார்ட் வீட்டுல ஈயே இருக்கக் கூடாதா? எல்லாத்துலயும் வேலையைப் பாக்காத, ஹம்சி" என்று கணவன் ஜெயராம் சிரித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளும் மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

தோண்டி முடித்தால், வெட்டியெடுத்த புல்தரையைத் திரும்பப் போர்த்திவிட்டு வருவது அவர்கள் வேலையின் முறை. இந்த முறை கடலில் பனிக்கட்டி நெருங்குகிறது என்று படகுக்காரர் அவசரப்படுத்தினார். அந்தப் படுக்கையறையை மட்டும் அடுத்த வருடம் மூடிக்கொள்ளலாம் என்று சொன்னவள் ஹம்சினிதான்.

ஈயைப் பார்த்த அந்த வாரமே பூர்ணாவின் அறையில் நனைந்த ஆட்டு ரோம வாடை, சாணிப் புகை, சுவரோரம் யாரோ வைக்கோலில் புரண்டு படுக்கும் சத்தம். ஹீட்டரை ஏற்ற ஏற்ற அறை குளிர்ந்தது. ஐந்து வயதுக் குழந்தையின் கை கால் எப்போதும் சில்லிட்டிருக்க, டாக்டரோ ஒன்றுமில்லை என்றார்.

"அம்மா, எல்லாரும் என்னையே ஒட்டிட்டுப் படுக்கறாங்க. அவங்களுக்குக் குளிருதாம்."

"யாருடா கண்ணு?"

"தெரியல. அவங்க பேசறது ஃப்ரெஞ்ச் இல்ல, தமிழும் இல்ல."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரான லவாலில் தோழி அனுசூயா வீட்டுக்கு ஓடினார்கள். வாடை காரிலேயே கூட வந்தது. கிரீன்லாந்துக்குப் போய் அந்த அறையை மூடிவிடலாம் என்றால், கடல் பனி உருகும் ஜூன் வரை அங்கே போக வழியில்லை. வேறு என்ன செய்வது என்று ஹம்சினிக்குத் தெரியவில்லை.  வீட்டுக்கே திரும்பி வந்தார்கள்.

ஞாயிறு மாலை, விளக்கு போடும் நேரம். குழந்தைக்குச் சூடு கொடுக்க ஜெயராம் பக்கத்தில் படுத்திருந்தான். ஹம்சினி கதவைத் திறந்தாள்.

ஜன்னல் விளிம்பில் ஈ. கறுப்பு. உயிரோடு.

"ஜெய்."



போர்வை இரண்டு பேருக்கு மேல் மேடிட்டிருந்தது. கால்மாட்டில் அதைத் தூக்கினாள்.

ஜெயராமின் கால்கள். பூர்ணாவின் சின்னக் கால்கள். சுற்றிலும், விரல் நுழைய இடமில்லாமல், மண் அப்பிய கால்கள். பெரியவை. கிழடானவை. பால்குடிக் குழந்தையுடையவை.

மகளின் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கல்லாகச் சில்லிட்டு விறைத்துக் கிடந்தது.

மற்றக் கால்கள் அவள் கையில் இடித்தன. இதமான சூடு.