விட்டுக்கொடுத்த குதிரை

காலையிலிருந்து மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டார்.

“இந்தா பாரு... தம்பி வந்துட்டுப் போற வரைக்கும் நீ சமையலறையிலயே இரு. உன்னைப் பாத்தாலே அவனுக்குக் கோபம் வரும். பத்தொன்பது வருஷம் கழிச்சு இந்த வீட்டுப் படி ஏறுறான்... கெடுத்துடாதே!”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் கரித்துணியை எடுத்துத் துடைத்தாள். கெடுத்தது யார் என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர், வாட்ச் ரிப்பேர்க் கடைக்காரர், அவள் புருஷன், வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அவள் மருமகளாக வந்தபோது சின்னவனுக்கு ஒன்பது வயது. தாயில்லாப் பிள்ளை. கொழுந்தன் என்று பெயர்தானே தவிர, காய்ச்சலில் அவன் தலை கிடந்ததெல்லாம் அவள் மடியில்தான். அவனுக்குச் சதுரங்கப் பைத்தியம். வீட்டு முன்னறையில் இருந்த கடை மேஜையின் ஓரத்தில் எப்போதும் பலகை விரிந்திருக்கும். தபால் மூலம் ஆடும் போட்டிகளில் சேர்ந்திருந்தான். ஒரு கார்டுக்கு ஒரு நகர்த்தல். எழுதியதைத் தபாலில் போட அண்ணி கையில்தான் கொடுப்பான், அவள் கைராசியாம்!

அவன் ஆட்டமே தனி. எடுத்த எடுப்பில் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை எதிரிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவான்.

“எல்லாத்தையும் வாரிக் குடுத்துட்டு எப்படிடா பொழைப்பே?” என்பாள் அவள்.

“குடுத்தாத்தான் அண்ணி வழி திறக்கும். அவன் தின்னுட்டு இருக்கறப்போ நான் போய் அவன் ராஜாவைப் பிடிச்சிடுவேன்!”

இருபத்திரண்டு வயதில் கடைசிச் சுற்றுக்கு வந்தான். ஜெயித்தால் நாட்டு அணியில் இடம். எதிரே ஆடியவர் தூரத்து ஊரில் ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தா. அன்றைக்கு அவன் குதிரை எதிரியின் சிப்பாய் வாயில் நின்றது. அவனோ அதைத் தொடாமல், ராஜாவைக் கோட்டைக்குள் வைக்கிறேன் என்று கார்டில் இரண்டு சுழி போட்டான்; கோட்டை கட்டுவதற்கு அதுதான் குறி. கார்டை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினான்.

அவள் செருப்பு மாட்டிக்கொள்ளும் நேரத்துக்குக் கார்டு கடை மேஜையில் கிடந்தது. அண்ணன்காரர் பார்த்தார். பலகையையும் பார்த்தார். அரைகுறையாக ஆடத் தெரிந்தவர். ‘ஐயோ, பிள்ளை அவசரத்துல குதிரையைக் கவனிக்கலையே!’ என்று பதறிப்போனார். டயலில் பழைய எண்களைச் சுரண்டும் கத்தியை எடுத்து, இரண்டு சுழியையும் பூப்போலச் சுரண்டிவிட்டு, குதிரை தப்பி ஓடும் கட்டத்தை எழுதிவைத்தார். பாசம்தான். வேறென்ன சொல்ல? அவளும் ஒன்றும் அறியாமல் அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள்.

பத்து நாளில், அவன் குதிரையை நகர்த்தியதாகவே குறித்து, பதில் வந்தது: ராணியால் செக்! குதிரை பிழைத்தது, ராஜா இருந்த இடத்தை விட்டு ஓடினான். ஒரு தரம் நகர்ந்த ராஜாவுக்குக் கோட்டை கிடையாது. தபால் ஆட்டத்தில் கார்டில் இருப்பதுதான் நகர்த்தல், மாற்ற முடியாது. அந்த ஆட்டம் போயிற்று, அணியும் போயிற்று.

“நான் எழுதினது இது இல்லையே! யாரு என் கார்டைத் தொட்டது?”

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் இருவரையும் பார்த்தாள். அண்ணன் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விட்டால் இந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்? தான் எப்படியும் வெளியிலிருந்து வந்தவள்தானே...

“நான்தான்டா. குதிரை போகுதேன்னு...”

“எங்கம்மா இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பாளா? என்ன இருந்தாலும் வந்தவ வந்தவதானே!”

அன்றைக்கே பெட்டியோடு போய்விட்டான். “நாளைக்கு அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் புருஷன். அந்த ‘நாளை’ இன்னும் விடியவில்லை. சின்னவன் கல்யாணத்துக்கு அவர் மட்டும் போய் வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பியவள் அவள். சின்னவனுக்குப் பெண் பிறந்தது. அந்தக் குழந்தையின் ஒரே ஒரு போட்டோவை அலமாரித் துணிக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் வண்டி நின்றது.

“வாடா... உக்காரு...”

“அண்ணி எங்கே?”

“அவ... உள்ள வேலையா இருக்கா. வரமாட்டா. நீ உக்காருடா!”

அவன் உட்காரவில்லை. நேரே சமையலறைக்கு வந்தான். காதோரம் நரைத்திருந்தது.

“வாங்க தம்பி” என்றாள்.

அந்த ‘வாங்க’ அவனைச் சுட்டிருக்க வேண்டும். பையிலிருந்து மஞ்சளேறிய கார்டு ஒன்றை எடுத்தான்.

“என்கூட ஆடின பெரியவர் போன மாசம் இறந்துட்டார். அவர் பொண்ணு பழைய கார்டெல்லாம் அனுப்பியிருந்தாங்க. இதைப் பாருங்க.”

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஓரிடத்தில் மட்டும் தாள் வெங்காயத் தோல் போல மெலிந்திருந்தது. ஒரு இழைகூடக் கிழியவில்லை.

“இது ரப்பர் வச்சு அழிச்சது இல்ல அண்ணி. சுரண்டினது. இப்படிச் சுரண்ட இந்த வீட்டுல ஒரே கைதான் உண்டு. அந்தக் கத்தியை அண்ணன் யாரையும் தொட விட்டதில்ல.”

“பழசை எதுக்குத் தம்பி கிளறணும்... அன்னிக்கு நான்தான் கத்தியை எடுத்து...”

“சரி. குதிரை எப்படிப் போகும்? சொல்லுங்க.”

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

“...நேரா.”

அவ்வளவுதான். நாற்பத்தொரு வயது மனிதன் தரையில் சரிந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

“உங்களுக்குக் குதிரை போற வழிகூடத் தெரியாதே அண்ணி! அது எனக்கு அன்னிக்குத் தோணலையே! ‘வந்தவ’ன்னு சொன்னேனே... நான் மனுஷனா?”

“எழுந்திருடா... என் ராஜா, எழுந்திரு...” அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

சமையலறை வாசற்படியில் ஒரு விம்மல். “நான்தான்டா செஞ்சேன்... உன்மேல இருந்த பாசத்துல செஞ்சேன். சொல்ல வாய் வரலைடா...” கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார் கடைக்காரர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“செஞ்சது பாசம்ங்க. அதை நான் என்னிக்கும் தப்புன்னு சொன்னதில்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறப்பீங்கன்னு பாத்தேன். இன்னிக்குக் காலைலகூட என்னைத்தானே கெடுத்துடாதேன்னு சொன்னீங்க?”

அவர் தலை குனிந்தார். சின்னவன் அவர் பக்கமே திரும்பவில்லை.

“ஏண்டா” என்றாள் அவள், “அந்த ரெண்டு சுழியோட கார்டு போயிருந்தா ஜெயிச்சிருப்பியா?”

அவன் கார்டைத் திருப்பிப் பார்த்தான்.

“தெரியாது அண்ணி. தோத்தும் இருக்கலாம். குதிரையைக் குடுத்துட்டா அப்புறம் நம்பி ஆடறதுதான்.”

“ஓ” என்றாள். இத்தனை வருஷமும் தோற்றிருக்கக்கூடிய ஆட்டத்துக்காகவா! சிரிப்பு வந்தது, பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

“வாங்க அண்ணி, வீட்டுக்கு. பன்னிரண்டு வயசாகுது என் பொண்ணுக்கு. பெரியம்மா ஒருத்தங்க இருக்காங்கன்னே அவளுக்குத் தெரியாது.”

அவள் அடுப்பை அணைத்தாள். அலமாரியைத் திறந்து நாலு புடவையையும் அந்தப் போட்டோவையும் பையில் வைத்தாள். புருஷன் பின்னாலேயே வந்தார்.

“சோறு வடிச்சிருக்கேன். குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க. மாத்திரை டப்பா ஜன்னல்ல இருக்கு.”

“எப்போ வருவே?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை.

“நாளைக்கு வந்துடறேன்” என்றாள்.

வண்டி கிளம்பியது. கடைக்காரர் உள்ளே போகாமல், அந்த வார்த்தை எத்தனை வருஷ நீளம் என்று தெரிந்தவராக, படியிலேயே உட்கார்ந்தார்.