கசடுக் குளத்தில் ஒரு கொலை

காலை ஏழு மணிக்குக் கொக்கி போட்டு இழுத்தபோது, நூருதீனின் உடல் கறுப்புக் கூழுக்குள்ளிருந்து மெல்லப் புரண்டு மேலே வந்தது. பின்மண்டை நொறுங்கியிருந்தது. ஸ்ஃபாக்ஸ் நகருக்கு வெளியே, ஆலிவ் செக்குகளின் கழிவுநீரெல்லாம் வந்து சேரும் குளம் அது. அதை மூடச் சொல்லி ஊரைத் திரட்டியவன் நூருதீன்.

இன்ஸ்பெக்டர் ராளியா மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். "வாய்க்குள்ள கசடே இல்ல. அடிச்சுக் கொன்னுட்டுத்தான் தள்ளியிருக்காங்க."

குளத்துக்கு வடக்கே ஊர். நூருதீனின் மனைவி வஸீலா அழுதழுது குரல் கம்மிக் கிடந்தாள்.

"நேத்து பூரா தெக்கேருந்து அனல்காத்து, மேடம். குளத்து நாத்தம் மொத்தமும் எங்க தலையிலதான். புள்ளைக்கு மூச்சு இழுத்துக்கிச்சு. அதைப் பாத்துட்டு, 'இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்'னு மத்தியானம் கிளம்பினவருதான்."

அதற்குள் ஊர்க்காரர்கள் செக்கு முதலாளி ஷத்லியை வளைத்துக்கொண்டார்கள். ராளியா போய்ச் சேர்ந்தபோது அவர் தரையில் கிடந்தார். உதடு கிழிந்து பல் தொங்கியது. கூட்டத்துக்கு முன்னால் நின்று கல் வீசியவன் மோங்கி, நூருதீனின் உயிர்த்தோழன். அவள் வானத்தை நோக்கிச் சுட்டாள்.

"கல்லைக் கீழ போடுங்கடா!"

ஷத்லி ரத்தத்தைத் துப்பினார். "எனக்கும் அவனுக்கும் ஆகாது, நெசந்தான். ஆனா நேத்து பூரா செக்கை விட்டு நான் நகரல. வேலையாளுங்களைக் கேளுங்க."

கேட்டாள். உண்மைதான்.

குளத்துக்குத் தெற்கே மோங்கியின் வீடு மட்டும்தான் இருந்தது. அவன் திரும்பி வந்ததும் அங்கே போனாள்.

"நேத்து எங்க இருந்தீங்க?"

"வீட்டுலயேதான். ஊர்ப்பக்கம்கூடப் போகல. நாத்தம் குடலைப் பிடுங்குச்சு, சன்னலெல்லாம் அடைச்சுட்டுப் படுத்திருந்தேன். எவன் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது."

கொல்லைப்பக்கம் புதிதாக வெட்டிய பெரிய பள்ளம், உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, ஓரத்தில் ஒரு கடப்பாரை.

"இது?"

"மழைத்தண்ணி பிடிக்க."

"குளத்து நாத்தம் உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு, மோங்கி? தெக்கத்திக் காத்து இங்கேருந்து குளத்துப் பக்கம்ல போச்சு? நேத்து நாத்தம் அடிச்சது ரெண்டே இடத்துல. ஒண்ணு ஊரு. அங்க நீங்க போகல. இன்னொண்ணு குளத்தங்கரை."

கடப்பாரை காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவளது இடது முன்கை முறிந்து மடங்கியது. அவன் மறுபடி ஓங்குமுன் வலக்கையால் சுட்டாள். தொடையைப் பிடித்தபடி பள்ளத்துக்குள் உருண்டான்.

"இது காசு வாங்கிட்டு செக்குக் கழிவைக் கொட்ட வெட்டின ரெண்டாவது குளம்தானே? நூருதீன் பாத்துட்டான்?"

"என்னைக் குளத்தங்கரைக்கு இழுத்துட்டுப் போய்..." மோங்கி பல்லைக் கடித்தான். "'மூச்சு இழுக்குறது உன் புள்ளையா இருந்தாலும் இந்தப் பள்ளத்தை வெட்டுவியாடா'ன்னு கேட்டான். ஊர்ல சொல்றேன்னு திரும்பி நடந்தான். பள்ளம் வெட்டின கடப்பாரை கையிலயே இருந்துச்சு."

சாயங்காலம், கையில் கட்டுடன் ராளியா வஸீலாவிடம் கொன்றவன் பெயரைச் சொன்னாள்.

"காலையில சேதி வந்தப்ப, புள்ளையை மடியில போட்டுத் தட்டிக்கொடுத்தது அவன்தான், மேடம்" என்றாள் வஸீலா. "அந்தக் கையாலயே."

உள்ளே பிள்ளை இருமத் தொடங்கியது. அவள் எழுந்து ஓடினாள்.