மனோகரிக்கு வைத்த விளக்கு

சுவரில் ஆணி இருந்தது. படம் இல்லை.

தியாகலிங்கம் பெடலை விட்டான். கவிழ்த்து வைத்திருந்த சைக்கிளின் பின்சில்லு தன்பாட்டில் ஓடி ஓய்ந்தது. டைனமோவின் முனகல் இறங்க இறங்க வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது. தடவி நெருப்புப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைத் தட்டினான். படம் இருந்தது. கலியாணத்தன்று எடுத்தது. தான் கண்ணை மூடிவிட்டதால் அதைக் கழற்றச் சொல்லி மனோகரி கடைசிவரை சண்டை பிடித்த படம். குச்சி விரலைச் சுடும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

களைப்பு என்று நினைத்தான். பேராதனையில் பௌதிகம் படித்து, பிறந்த நெடுந்தீவிலேயே அதைப் படிப்பிக்கிறவனுக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது.

உயிர் போன இடத்தில் வைத்த விளக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அணையக்கூடாது. அவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருந்தது. போரால் வள்ளங்கள் வராமல் கடைகளில் எண்ணெய் முடிந்து, அயலில் இரந்து வாங்கியதும் முடிந்தபோது, மற்ற வீடுகளில் றேடியோ கேட்பதற்குச் செய்வதை அவன் விளக்குக்குச் செய்தான். சைக்கிளைக் கவிழ்த்து, முன்லைற்றைக் கழற்றி, நீள வயரில் தொடுத்து, அவளுடைய தலைமாடு இருந்த இடத்தில், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தான். பெடலைக் கையால் சுற்றினான். பகலில் சுற்றுவதில்லை. பகலில் அவளுக்குப் பயம் இல்லை. இருட்டுத்தான். பொழுதுபட்ட பிறகு கிணற்றடிக்குப் போவதென்றால் அவன் டோர்ச்சோடு பின்னால் போகவேண்டும்.

"இஞ்சாருங்கோ, நிக்கிறியளோ?"

"பயப்படாதையும். பின்னுக்கு நிக்கிறன்."

"கதைச்சுக்கொண்டு வாங்கோ. சத்தம் இல்லாட்டி, வாறது நீங்கள்தானோ எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

பிள்ளை பிறக்க முந்தியே இரத்தம் போகத் தொடங்கிய இரவும் அவள் கேட்டது அதைத்தான். நிக்கிறியளோ. கடலில் நேவி நின்றது. வள்ளம் எடுக்க ஒருவரும் துணியவில்லை. விடிவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளை அவளோடேயே போனது.

மறுநாள் மத்தியானம் குலசிங்கம் வந்தான். மனோகரியின் தமையன். சொந்தமாக வள்ளம் வைத்திருந்தான். கொண்டுவந்த சாப்பாட்டைக் குசினியில் வைத்துவிட்டு அறை வாசலில் நின்று சைக்கிளைப் பார்த்தான்.

"என்ன மச்சான், சைக்கிள் சிரசாசனம் செய்யுது?"

"எண்ணெய் இல்லை."

"அதுக்கு? விடிய விடியச் சுத்துறீரோ?"

"ஏலுமட்டும்."

"உந்தச் சுத்துக்கு இப்ப கண்டிக்குப் போய்த் திரும்பியிருப்பீர்." சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. சாரத்தின் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்குப் பொழுதுபட வள்ளம் வெளிக்கிடுது. இந்தியாவுக்கு. ஊர்காவற்றுறைப் பக்கம் சனம் முழுக்க ஊரை விட்டு எழும்பீட்டுது. இனி இஞ்சை இருக்கேலாது. மனுசியும் பிள்ளையளும் ஏறீனம். உமக்கும் இடம் வச்சிருக்கிறன்."

"அந்தியேட்டி?"

"அங்கை செய்வம். கடல் ஒண்டுதானே."

"விளக்கு?"

குலசிங்கம் அறைக்குள் வந்து அவனுடைய தோளைப் பிடித்தான். "தியாகு, நான் அவளைத் தூக்கி வளத்தனான். நான்தான் சொல்லுறன். செத்தவளுக்கு வெளிச்சம் பிடிச்சுக்கொண்டு நீரும் சாகப்போறீரோ? ஒரு பாக்கில உடுப்பை அடுக்கும். பேந்து நிண்டு யோசிக்காதையும்."

"வாறன்," என்றான் தியாகலிங்கம். சொல்லும்போது அப்படித்தான் நினைத்தான். பாக்கை அடுக்கியும் வைத்தான்.

அன்று பொழுது மங்கியதும் சைக்கிளுக்கு முன்னால் குந்தினான். வெளியே கல்வேலிக்கு அப்பால் எங்கோ ஒரு காட்டுக்குதிரை மூச்சுவிட்டது. அதற்கும் அப்பால், இந்தத் தீவில் எந்த அறைக்குள் இருந்தாலும் கேட்கும் கடல், ஓயாமல், கவனிக்க வேண்டாத ஒரு சத்தமாக இரைந்துகொண்டிருந்தது. மெல்லச் சுற்றினான். படம் இருந்தது. சற்று வேகமாகச் சுற்றினான். கண்ணாடிக்குள் பூஞ்சணம் படர்ந்து அவளுடைய மூடிய கண்களை மறைத்தது. இன்னும் வேகமாக. படம் போனது, ஆணி கரைந்தது, சுண்ணாம்பு உதிர்ந்து பின்னால் இருந்த முருகைக்கற்கள் பல்வரிசை போலத் தெரிந்தன. பெடலை விட்டான். குச்சியைத் தட்டினான். எல்லாம் இருந்தபடி இருந்தது.

வெளிச்சம் சரியாகத்தான் விழுகிறது. விழுகிற இடம்தான் இந்த ஆண்டில் இல்லை.

அவன் பயந்தது அதற்குப் பிறகுதான். அதற்கு முன் வந்தது ஆசை. சில்லைக் கையால் பிடித்துப் பின்னுக்குச் சுழற்றினான். ஒரு மாதம் பின்னால் போனால் போதும். பாயில் சாய்ந்திருந்து, வயிற்றின்மேல் பித்தளைப் பேணியை வைத்து, பிள்ளை உதைக்கையில் அது ஆடுவதைப் பார்த்துச் சிரிக்கும் மனோகரி. ஒரு கணம் போதும். வெளிச்சம் வந்தது. சுவரில் அதே பூஞ்சணம், அதே உதிர்ந்த கற்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் டைனமோவுக்கு ஒன்றுதான். வகுப்பில் அவனே படிப்பித்தது.

அப்படியானால் முன்னுக்கு. ஏன் என்று தெரியாமல் சுற்றினான். கோபமாக இருக்கலாம்.

கூரை இருந்த இடத்தில் வானத்து வெள்ளிகள் தெரிந்தன. சுவரைப் பிளந்துகொண்டு ஒரு வேர் இறங்கிப் பருத்துக் காய்ந்து தூளாகியது. பிறகு தண்ணீர் வந்தது, அழுகிய சாதாளைப் பாசியின் மணத்தோடு, முழங்காலளவு, இடுப்பளவு, செம்பு இருந்த இடத்தில் சிறுமீன்கள் கூட்டமாய்த் திரும்ப, அவனுடைய கால் மட்டும் நனையாமல். நெடுங்காலம் நின்ற அந்தத் தண்ணீர் பிறகு வடிந்தது, அதோடு மணமும் வடிந்தது, பிறந்ததிலிருந்து காதுக்குள் இருந்த கடலின் இரைச்சல் மெலிந்து, இழையாகி, நின்றது.

கடல் இல்லை. சுவர்களும் இல்லை. உப்பு. நயினாதீவு இருக்கவேண்டிய திசைவரை, அதற்கு அப்பாலும், தட்டையான உப்பு. அதன் விளிம்பில் சூரியன், வண்டிச்சில்லை விடப் பெரிதாக, சாம்பல் மூடிய தணலாக. அது இறங்கவில்லை. ஏறவுமில்லை. நிலத்தில் அதன் ஒளி ஒட்டவேயில்லை. ஒரு காகம் இல்லை. காற்றில்லை. அந்த முழுப் பரப்பிலும் வெளிச்சம் என்று சொல்லக்கூடியது, அவன் சுற்றும் சைக்கிள் லைற்றின் ஒற்றைக் கோடு மட்டும்தான்.

கோட்டின் முடிவில் ஒருத்தி குந்தியிருந்தாள்.

அவ்வளவு தூரத்தில் பனங்கொட்டை அளவு. முதுகு காட்டியபடி. சரிகை தெரிந்தது. கூறைச் சேலை. அதைத்தான் கடைசியாக உடுத்தி அனுப்பினார்கள்.

அவள் வெளிச்சத்தின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

கை மரத்துப் பெடல் நழுவியது. இருட்டு. கடல் இரைந்தது. தியாகலிங்கம் நிலத்தில் கிடந்து மூச்சு வாங்கினான். நெடுநேரம் கழித்துத்தான் அந்த எண்ணம் வந்தது. அவன் விடுகிற ஒவ்வொரு தடவையும் அங்கே இருட்டு. எல்லாம் முடிந்துபோன அந்த இடத்தில், கூப்பிட ஒருவரும் இல்லாமல், அவள் இருட்டுக்குள் குந்தியிருக்கிறாள்.

மறுநாள் பாக்கை அவிழ்த்து உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் வைத்தான். டைனமோவின் தலையைத் துடைத்தான். சங்கிலிக்குப் போட எண்ணெய் இல்லை. தேடவும் இல்லை. பகல் முழுவதும் காத்திருந்தான்.

பொழுது சாயத் தொடங்கியதும் சுற்றினான். பூஞ்சணம், கல், வெள்ளி, தண்ணீர் எல்லாம் ஓடிப்போயின. உப்பு. அவள் எழுந்து நின்றாள். இந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

"தியாகு!"

வேலிப் படலையடியில் குலசிங்கம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"தியாகு, வாரும். வள்ளம் நிக்குது."

"வாறாள்," என்றான். "பொறும். மச்சான், அவள் வாறாள்."

"என்ன சொல்லுறீர்? கதவைத் திறவும். பிள்ளையள் வள்ளத்தில ஏறீட்டுதுகள். என்னாலை நிக்கேலாது." கதவு அடிபட்டது. "மச்சான், கும்பிட்டுக் கேக்கிறன்."

எழுந்து போய்க் கதவைத் திறக்கலாம். நாலைந்து எட்டு வைத்தால் போதும். பெடலை விடவேண்டும். விட்டால் அவள் நடுவழியில்.

சுற்றினான். கதவின் சத்தம் மெலிந்தது. குலசிங்கம் அழுதானா, திட்டினானா தெரியவில்லை. பிறகு அதுவும் நின்றது.

அவள் நடக்கும்போது உப்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை. முகம் இன்னும் தெரியவில்லை. சேலையின் கரை. கால். ஒரு கை வீசியது. மற்றக் கை வீசவில்லை. அது மார்போடு மடிந்திருந்தது. எதையோ ஏந்தியபடி.

தோள் எரிந்தது. கையை மாற்றினான். மாற்றிய நொடியில் வெளிச்சம் தாழ்ந்தது. அவள் நின்றாள். வெளிச்சம் ஏறியது. நடந்தாள்.

"பயப்படாதையும்," என்றான். "நான் நிக்கிறன்."

உள்ளங்கை வெடித்துப் பெடல் வழுக்கியது. மூச்சு இல்லை. கிட்ட வந்துவிட்டாள். கிணற்றடித் தூரம். நெற்றி. சரிகை. மடித்த கைக்குள் வெள்ளைத் துணி. இன்னும் கொஞ்சம். கொஞ்சம்தான்.

கை நின்றது.

சங்கிலி நின்றது. இருட்டு.

கடலின் இரைச்சலுக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

"மனோகரி."

இருட்டுக்குள் காதைத் தீட்டினான்.

"மனோ, நிக்கிறீரோ?"

உப்பு நொறுங்கியது. அறைக்குள்.

"கதையும்," என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "ஏதும் கதையும். சத்தம் இல்லாட்டி நீர்தானோ எண்டு..."

அவனுடைய முழங்காலுக்குப் பக்கத்தில் சங்கிலி கிறீச்சிட்டது. அவன் தொடவில்லை. மீண்டும் கிறீச்சிட்டது. பெடல் சுற்றத் தொடங்கியது. மெதுவாக. பிறகு சீராக. லைற் சிவந்தது. மஞ்சளானது.

நிலத்தில் இருந்த லைற்றை யாரோ தூக்கினார்கள். வெளிச்சக் கோடு உப்பில் ஊர்ந்து, திரும்பி, அவன்மேல் விழுந்தது. உயிர் போன இடத்தில் வைப்பதுபோல், அவனுடைய தலைக்கு நேரே, கவனமாக வைக்கப்பட்டது.

வெளிச்சத்துக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"பயப்படாதேங்கோ. பின்னுக்கு நிக்கிறன்."

அவன் கையைத் தூக்கிக் கண்ணை மறைக்கப் பார்த்தான். மறைக்கக் கை இருக்கவில்லை. குனிந்தான். வெளிச்சம் விழுந்த இடத்தில் கால் இல்லை, மடி இல்லை. உப்பில், ஒரு ஆள் நெடுநாள் குந்தியிருந்த அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. பெடல் சுற்றிக்கொண்டேயிருந்தது.