சட்டையை உதறியபோது

துவைத்து, காயவைத்து, மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டு மாதக்கணக்கான சட்டையில் தூசி இருக்க நியாயமே இல்லை. ஆனால் தையல்காரி அதை எடுத்து ஒரு உதறு உதறியதும், ஜன்னல் வழியாக விழுந்த மாலை வெயிலில் வெள்ளையாக ஒரு புகை எழுந்து, அவசரமே இல்லாமல் அறையைச் சுற்றி வந்து, தையல் மெஷின் மேல் படிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். மாவு போல மெத்தென்று இருந்தது. விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறத்தது. கல் தூசிதான், சந்தேகமே இல்லை.

அது அவள் புருஷனின் வேலைச் சட்டை. சமையலறை மேடைக்குப் போடுகிற செயற்கைக் கல்லை அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறையில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவன் வேலை பார்த்தான். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காது. ஆனால் தரை சேறாகும், கல் காயும்வரை பசை ஒட்டாது, வேலை ஆமை வேகத்தில் நகரும். அதனால் பட்டறை முதலாளி தண்ணீர்க் குழாய்க்கு ஒரு பூட்டையே போட்டுவிட்டார். வேலை முடிந்ததும் ஆட்கள் காற்றுக் குழாயைத் திறந்து, ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சித் தூசியைப் போக்கிக்கொள்வார்கள். அதற்குக் 'காத்துக் குளியல்' என்று பெயர் வேறு. அப்படிக் குளித்த பிறகும் புருவம், மீசை எல்லாம் வெளுத்துத்தான் அவன் வீடு வந்து சேருவான்.

"வந்துட்டாருப்பா எங்க வீட்டு வெள்ளைக்காரரு" என்பாள் தையல்காரி. அவர்களுடைய ஒரே மகள் ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொள்ளும். அதை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள்.

அந்தச் சட்டையைத் துவைப்பதற்கென்று பட்டறைக்காரர்களின் மனைவிமாரிடையே ஒரு முறை உண்டு. எடுத்ததும் நனைக்கவே கூடாது. நனைத்தால் தூசி துணியோடு இறுகி, சட்டை தகரம் மாதிரி விறைத்துவிடும். முதலில் கொடியில் போட்டுக் காய்ந்தபடியே கட்டையால் அடித்து உதிர்க்க வேண்டும், தண்ணீரெல்லாம் அப்புறம்தான். மொட்டைமாடியில் அடித்தால், காயப்போட்ட துணியெல்லாம் நாசமாகிறது என்று கீழ்வீட்டு அக்கா சண்டைக்கு வருவாள். அதனால் தையல்காரி பின்னறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடிப்பாள். சட்டையின் ஒரு முனையைக் குட்டி பிடித்துக்கொள்ளும். கட்டை விழும் 'தொப் தொப்' சத்தம் அதற்கு விளையாட்டு. "அம்மா, பனி பெய்யுது பாரேன்!" என்று வாயைத் திறந்து நாக்கை நீட்டும். தாயும் மகளும் தலை நரைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

அதெல்லாம் அவன் ஓடியாடிய காலம். ஒரு முழுக் கல் பலகையைத் தனியாளாகத் தோளில் தூக்கியவன், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இப்போது முன்னறைக் கட்டிலில் மூக்கில் குழாயோடு சாய்ந்து கிடந்தான். கட்டிலருகே ஆக்ஸிஜன் மெஷின் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது. அவன் மூச்சை இழுக்கும்போதெல்லாம், ஒரு வாளி சரளையை யாரோ தரையில் இழுத்துப்போவது போலச் சத்தம் வந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "உள்ள போன தூசி போனதுதாம்மா. நுரையீரலக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துத் தழும்பாக்கிடுச்சு. அத வெளிய எடுக்க வழியில்ல" என்றார். அவனைச் சாக விட அவளால் முடியாது. அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

சரியாகத் துவைக்காமல் வைத்துவிட்டோம் போல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சட்டையைப் பின்னறைக் கொடியில் போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். கட்டையை ஓங்கி ஒரு அடி போட்டாள்.

முன்னறையில் அவன் அலறினான்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் விரிந்திருந்தன. "யாரோ முதுகுலயே ஒண்ணு வச்ச மாதிரி இருந்துச்சுடி" என்றான். அவள் பனியனைத் தூக்கிப் பார்த்தாள். முதுகின் குறுக்கே, கட்டையின் அகலத்துக்கு, ரத்தம் கட்டிச் சிவந்த ஒரு பட்டை. அதைத் தொடப்போன கை பாதியில் நின்றது. அவன் ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேசியிருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. சரளைச் சத்தத்தையும் காணோம்.

அவன் அவள் கையிலிருந்த கட்டையைப் பார்த்தான். பின்னறையில் கொடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தரம் அடி" என்றான் அவன்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆனால் குட்டியைக் கீழ்வீட்டு அக்காவிடம் அனுப்பிவிடுவாள். கதவைத் தாழிடுவாள். தையலில் மிஞ்சிய வெட்டுத் துணியை மூக்கையும் வாயையும் மூடிச் சுற்றிக்கொள்வாள். ஒவ்வொரு அடிக்கும் சட்டையிலிருந்து வெள்ளை கொட்டும். ஒவ்வொரு அடிக்கும் முன்னறையில் அவன் தலையணையைக் கடித்துக்கொண்டு முனகுவான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பட்டறையில் அவர்கள் எப்போதும் சொல்கிற பேச்சு. இங்கே கல் நிஜமாகவே நகர்ந்துகொண்டிருந்தது. அவன் முகத்தில் நிறம் வந்தது. உட்கார்ந்து சாப்பிட்டான். குழாயைக் கழற்றிவிட்டு ஜன்னல் வரை நடந்தான். முதுகு மட்டும் நீலமாகி, கறுப்பாகி, பழுத்த பழம் போலக் கனிந்து கிடந்தது. அவள் அதற்கு மருந்து தடவிக்கொண்டே அழுவாள். மறுநாள் மறுபடியும் கட்டையை எடுப்பாள்.

தூசியைக் கூட்டிக் கூட்டி மாளவில்லை. அள்ளிக் கட்டி வெளியே போட்டுவிட்டு வந்தால், பின்னறைத் தரையில் திரும்பவும் அதே கனத்துக்குக் கிடக்கும். சாதத்தில் நறநறத்தது. தைத்துக்கொண்டிருக்கும் துணியில் விழுந்தது. விடியற்காலையில் அவளுக்குத் தொண்டையில் ஒரு அரிப்பு வந்து, இருமல் பிடித்தால் விடவில்லை. மழைக்காலம், சளி என்று தள்ளிவிட்டாள்.

"என்னம்மா, ஆளே வெளுத்துட்ட?" என்றாள் கீழ்வீட்டு அக்கா.

"அவருக்கு நல்லாகிட்டு வருதுக்கா. அது போதும்."

சட்டை கிழிந்த அன்று நல்ல மழை. சாத்திய ஜன்னலில் தண்ணீர் அறைந்தது. அறைக்குள் ஈரச் சுவரின் வாடையும், கல்லை அறுக்கும்போது வருகிற அந்தக் கருகிய நெடியும் சேர்ந்து மூச்சை அடைத்தன. அவள் கை ஓங்கி இறங்கியபோது, தோள்பட்டைத் தையல் விட்டு, சட்டை கழுத்திலிருந்து கைவரைக்கும் சர்ரென்று கிழிந்தது. முன்னறையிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை.

அவன் கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தான். தோள் கழுத்திலிருந்து கைவரைக்கும் வாயாகத் திறந்திருந்தது. ரத்தம் வரவில்லை. ஓட்டை விழுந்த மூட்டையிலிருந்து மாவு கொட்டுவது போல வெள்ளை கொட்டியது. பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக அவன், "கொட்டட்டும் விடு, கொட்டட்டும்" என்றான். அதற்குப் பின்னால்தான் ரத்தம் வந்தது. வெள்ளையோடு குழைந்து, கெட்டியாக, நிற்காமல் வந்தது.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் தைக்க உட்கார்ந்தாள். ஊசியில் ஏற்கெனவே கோத்திருந்தது கறுப்பு நூல். ஒவ்வொரு குத்துக்கும் அவன் குதிகால் தரையை உதைத்தது. ஒவ்வொரு தையலும் அவன் தோளில் கறுப்பாகத் தானே விழுந்து இறுகியது. காயத்தின் உதடுகள் மடிந்து ஒட்டிக்கொண்டன. நல்ல நெருக்கமான தையல். நூலைப் பல்லால் அறுத்தாள். கையோடு கொண்டுவந்திருந்த கட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

"போதுங்க. செத்துப்போயிடுவீங்க."

"அடிக்கலன்னாலும் சாவேன்டி." அவன் அவள் கையில் கட்டையைத் திணித்தான். "அடியில இன்னும் கெட்டியா ஒண்ணு நிக்குது. எனக்குத் தெரியுது. அத மட்டும் எடுத்துடு."

அவள் சட்டையைக் கொடியில் போட்டாள். அடித்தாள்.

அடித்தாள். விலா முறிகிற சத்தம் முன்னறையிலிருந்து இங்கே வரை கேட்டது. அடித்தாள். முகத்தில் சுற்றிய துணி அவிழ்ந்து விழுந்தது. கட்டவில்லை. நேரமில்லை. அறை வெள்ளை. சுவர் வெள்ளை. கட்டை எங்கே, கை எங்கே தெரியவில்லை. அடித்தாள். அவன் கத்துவது நின்றுவிட்டது. அப்போதும் அடித்தாள். கடைசியாக, கல் பலகை நடுவில் பிளப்பது போல ஒரு சத்தம். பிறகு மழை மட்டும்.

பின்னறை வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். நேராக. மூக்கில் குழாய் இல்லை. வாயோரம் ரத்தம். நெஞ்சு அகல விரிந்து, மூச்சு உள்ளே போய், எந்தத் தடையும் இல்லாமல் வெளியே வந்தது.

"அது போயிடுச்சுடி," என்றான். "வலியே இல்ல."

தையல்காரி சிரிக்கப் பார்த்தாள். மூச்சு வரவில்லை. இழுத்தாள். சரளை வாளி தரையில் இழுபட்டது. சத்தம் தன் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது என்று புரிய ஒரு கணம் ஆனது. முழங்கால் மடிந்து உட்கார்ந்தாள். கணுக்கால்வரை வெள்ளை.

அவன் அதைப் பார்க்கவில்லை. சந்தோஷம் தலைக்கேறி, முன்கதவைத் திறந்து, எத்தனையோ மாதமாக வராத குரலில் கீழே பார்த்துக் கூப்பிட்டான். "குட்டி! மேல ஓடி வா! அப்பாவுக்குச் சரியாயிடுச்சு!"

வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காற்று இல்லை.

திரும்பி வந்தவன் அவளைக் கண்டதும் இடிந்துபோனான். பக்கத்தில் மண்டியிட்டு அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். "ஐயோ, எல்லாம் உனக்குள்ள போயிடுச்சே" என்று தேம்பினான். அவள் நெற்றியை மெல்லத் துடைத்துவிட்டான். பிறகு தரையில் துழாவிக் கட்டையை எடுத்தான். "நீ என்னக் காப்பாத்தின. நான் உன்ன விட்டுடுவேனா? கொஞ்சம் பொறுத்துக்கோ."

கொடியில் தொங்கியது அவன் சட்டை. அவளுக்கென்று அடிக்க ஒரு சட்டை இல்லை. அவளையேதான் குப்புறச் சாய்த்தான்.

முதல் அடி. உலகமே வெடித்தது. கூடவே மூச்சு வந்தது. குளிர்ந்த, இனிப்பான மூச்சு. ஒரே ஒரு மூச்சு. அதற்குள் நெஞ்சு மறுபடி அடைத்துக்கொண்டது. அவள் முதுகிலிருந்து எழுந்த வெள்ளை கீழே விழாமல் அப்படியே நின்றது.

படியில் சின்னப் பாதங்கள் ஏறி வரும் சத்தம்.

இரண்டாவது அடி. மூச்சு வந்தது. கத்த வாயெடுப்பதற்குள் தீர்ந்தது. வெள்ளை இன்னும் அடர்ந்தது.

பின்னறை வாசலில் குட்டி. மழையில் நனைந்த தலை. தூசிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியவில்லை. கேட்டது பழகிய 'தொப் தொப்' மட்டும். அதன் முகம் மலர்ந்தது. காற்றில் தொங்கிய வெள்ளை வளைந்து, மெதுவாக, வாசல் பக்கம் நகர ஆரம்பித்தது.

வாயை மூடு. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கிட்டு ஓடு. அதைச் சொல்ல ஒரு மூச்சு வேண்டும். அடுத்த அடி விழுந்தால்தான் மூச்சு வரும். அடி விழுந்தால் தூசியும் வரும்.

கட்டை தலைக்கு மேலே போனது.

"அம்மா, பனி!" என்று குட்டி நாக்கை நீட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே வெள்ளைக்குள் நடந்து வந்தது.