கடைசி ஆளுக்குப் பின்னால்

நார்த்தாமலையைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை தொடங்கும் இடத்தில் மரியசெல்வத்தின் வண்டி நின்றபோது காலை மணி ஆறேகால். மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பெய்த மழையில் தரை இன்னும் ஊறிக் கிடந்தது. எதிரே தைலமரக் காடு. அதன் முதல் இரண்டு வரிசை மரங்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. அதற்கு அப்பால் பனி, சுண்ணாம்பு அடித்த சுவர்போல நின்றது.

"கொஞ்சம் வெயில் வரட்டுமே செல்வம்," என்றார் நிலவழகன்.

"பனியில ஓட்டுறதுதான் வாத்தியாரே சொகம். வெயில் ஏறிட்டா பாறை மேல நிக்க முடியாது," என்று சொல்லிக்கொண்டே மரியசெல்வம் சைக்கிள்களை ஒவ்வொன்றாக இறக்கினார்.

இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நிலவழகன் புதுக்கோட்டையிலேயே கணக்கு ஆசிரியராகிவிட்டார். மரியசெல்வம் கத்தாரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது மலை சைக்கிள் பித்தையும் கூடவே கொண்டுவந்தார். முதலில் தம்பி சூசைராஜை இழுத்தார், பிறகு நிலவழகனை. நிலவழகனின் மகள் சுடர்விழியை யாரும் இழுக்கவேண்டியிருக்கவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். அவளுடைய அம்மா செவந்தி மஸ்கட்டில் நர்ஸாக இருந்தாள். "போறதெல்லாம் சரி. பிள்ளை ஒங்க கண்ணு முன்னாடியே இருக்கணும்," என்பது ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைபேசியில் அவள் சொல்வது. அதனாலேயே வரிசையில் மகளுக்கு அடுத்து, கடைசி ஆளாக நிலவழகன் வருவார்.

"பாதியில எடது பக்கம் ஒரு பாதை பிரியும்," என்றார் மரியசெல்வம், ஹெல்மெட்டை மாட்டியபடி. "யாரும் அங்கிட்டுத் திரும்பிடாதீங்க. பழைய கல்குவாரி. கிடுகிடு பள்ளம், அடியில தண்ணி. மத்தபடி வழக்கம்போலதான். முன்னாடி போறவன் சத்தம் குடுப்பான், பின்னாடி வாரவங்க வாங்கி அனுப்பணும்."

அது அவர்களுடைய ஏற்பாடு. ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் "பள்ளம்!" என்று கத்துவார். அடுத்தவர் அதையே திருப்பிச் சொல்லித் தனக்குப் பின்னால் வருபவருக்கு அனுப்புவார். கல், முள், வேர் எல்லாம் அப்படித்தான். ஆபத்து கழிந்ததும் "வழி சரி!" அது கடைசி ஆளிடம் வந்து சேர்ந்ததும் நின்றுவிடும். அவருக்குப் பின்னால்தான் யாரும் இல்லையே.

காட்டுக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அப்பியது. தைலமரக் காட்டில் பறவைச் சத்தம் இருக்காது. டயர்கள் ஈரச் சருகை நசுக்கும் ஓசையும், இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீரும்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே தடிமனில் ஒரே இடைவெளியில் மரங்கள். வந்த வழியும் போகும் வழியும் ஒன்றுபோலவே இருந்தன. பத்தடி முன்னால் சுடர்விழியின் சிவப்புச் சட்டை பனியில் மங்குவதும் துலங்குவதுமாக இருந்தது.

"பள்ளம்!" முன்னாலிருந்து மரியசெல்வத்தின் குரல்.

"பள்ளம்!" சூசைராஜ்.

"பள்ளம்!" சுடர்விழி.

நிலவழகன் பிரேக்கைப் பிடித்துப் பள்ளத்தில் இறங்கி ஏறினார்.

"பள்ளம்."

அவருக்குப் பின்னாலிருந்து வந்தது அது.

எதிரொலிதான் என்று நினைத்துக்கொண்டார். சுற்றிலும் பாறை இருக்கிற பூமி, குரல் எங்காவது மோதித் திரும்பியிருக்கும். ஆனாலும் பெடலை மிதிக்கிற கால் கொஞ்சம் வேகமெடுத்தது.

"கல்லு!"

"கல்லு!"

"கல்லு!"

"கல்லு."

இந்தத் தடவை பக்கத்தில். ஒரு சைக்கிள் இடைவெளியில். நடுவயது ஆணின் குரல், மூச்சு வாங்காத குரல். எங்கோ கேட்டுப் பழகிய குரல் போலவும் இருந்தது. திரும்பிப் பார்த்தார். ஈரமான செம்மண்ணில் அவருடைய டயர் தடம் பனிக்குள் போய் மறைந்தது. வேறொன்றும் இல்லை.

மகளைக் கூப்பிடலாமா என்று யோசித்தார். கூப்பிட்டு என்ன சொல்வது? வகுப்பில் பிள்ளைகளிடம் பேய் பிசாசெல்லாம் புளுகு என்று சொல்கிற மனிதர் அவர். வெட்கம் நாக்கைப் பிடித்தது.

"வேரு," என்றது பின்னால் வந்த குரல்.

முன்னால் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மூன்று விநாடி கழித்துத்தான் மரியசெல்வத்தின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. "வேரு! பாத்து!"

நிலவழகன் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, கால் ஊன்றி, சைக்கிளைக் குறுக்கே திருப்பி நின்றார்.

"யாருங்க அது?"

மரங்கள். பனி. சொட்டும் தண்ணீர்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. தைல வாசனைக்கு நடுவே, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்கிற கருகிய மருந்து வாடை. புகையில்லை, நெருப்பில்லை. வாடை மட்டும் அவரைக் கடந்து போனது. ஒருவர் பக்கத்தில் நடந்து போனால் காற்று எப்படி விலகுமோ, அப்படி அவர் இடது கன்னத்தில் காற்று விலகியது.

அது முன்னால் போய்விட்டது.

அவருக்கும் சுடர்விழிக்கும் நடுவில்.

"சுடர்!" என்று கத்தினார். சிவப்புச் சட்டையைக் காணவில்லை. பனிக்குள் வெகு தூரத்தில் கியர் மாறும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு மேலாக, தெளிவாக, நிதானமாக அந்தக் குரல்.

"எடது பக்கம் திரும்பு. வழி சரி."

டயர்ச் சத்தம் இடப்பக்கமாக விலகிப் போனது.

பிறகு நிலவழகன் எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. மிளார்கள் முகத்தில் கீறின. பாதை பிரியும் இடத்தில் ஒற்றை டயர் தடம் இடதுபுறம் திரும்பியிருந்தது. வண்டல் படிந்த சரிவு அது. சைக்கிள் சறுக்கி விழுந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். திடீரென்று மரங்கள் தீர்ந்தன. வெறும் வெள்ளை. தரை எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை.

"சுடர்! நில்லு! நகராத!"

"அப்பா…"

சத்தம் காலடியிலிருந்து வந்தது. சுடர்விழி வெட்டுப்பாறையின் விளிம்பில் குப்புறக் கிடந்தாள். சைக்கிளின் முன்சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே கால்கள் பாறைக்கு வெளியே தொங்கின. ஒரு கையில் வேலிக்கருவேலங் கொம்பு, முள்ளோடு சேர்த்துப் பிடித்திருந்ததில் விரல்களின் இடுக்கில் ரத்தம். அவள் கால் பட்டு உதிர்ந்த கல் ஒன்று விழுந்தது. தண்ணீரில் அது விழுந்த ஓசை வர வெகுநேரம் ஆனது.

நிலவழகன் மண்ணோடு மண்ணாகப் படுத்து ஊர்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் முன்னால வா," என்றது குரல், அவர் காதோரத்தில். "வழி சரி."

"டேய், போடா!" என்று கத்தினார். அவர் வாழ்நாளில் யாரையும் அப்படிப் பேசியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். சுடர்விழி மேலே வந்து அவர் மார்பில் விழுந்தாள். சைக்கிளையும் காலால் கொக்கிபோட்டு இப்பக்கம் இழுத்துக்கொண்டாள். இருவரும் மரங்கள் வரும்வரை எழுந்து நிற்கவில்லை, தவழ்ந்தே வந்தார்கள்.

"எடது பக்கம் திரும்பக் கூடாதுன்னு செல்வம் மாமா சொன்னாரேடி," என்றார் மூச்சிறைக்க.

சுடர்விழி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"நீங்கதானப்பா திரும்பச் சொன்னீங்க?"

"நானா?"

"ஒங்க குரல்தான். பின்னாடியே வந்து வழி சரி, வழி சரின்னீங்களே."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது, அந்தக் குரல் ஏன் பழகிய குரலாக இருந்ததென்று. ஒருமுறை வகுப்பில் எடுத்த பாடத்தை மாணவர்கள் பதிவு செய்து போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தன் குரல் வெளியிலிருந்து கேட்கும்போது அன்றைக்கும் அப்படித்தான் அந்நியமாக இருந்தது.

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு பாதை பிரிந்த இடத்துக்கு வந்தபோது எதிரே ஒரு பழைய மொபெட் வந்தது. காட்டுக் காவலாளி ஆண்டியப்பன். பெண்ணின் கையில் ரத்தத்தைப் பார்த்ததும் தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். எங்கே விழுந்தாள் என்று கேட்கவில்லை.

"சத்தம் கேட்டுச்சா சார்?" என்றுதான் கேட்டார், மெதுவாக.

நிலவழகன் தலையசைத்தார்.

"குவாரி ஓடுனப்ப ராசுன்னு ஒருத்தன் இருந்தான். வேட்டு வைக்கிறதுக்கு முன்னாடி சத்தம் குடுக்குறது அவன் வேலை. வேட்டு வெடிச்சு முடிஞ்சதும் வழி சரிம்பான், எல்லாரும் குழிக்குள்ள எறங்குவாங்க. ஒருநா ஒரு வேட்டு வெடிக்காம கெடந்திருக்கு. அவன் சரியா எண்ணல. வழி சரின்னுட்டான். மூணு பொம்பளைக எறங்குனாங்க." ஆண்டியப்பன் துண்டின் முடிச்சை இறுக்கினார். "எட்டாம் நாள் அவன் அந்தக் குழித் தண்ணியில மெதந்தான். பாப்பாவக் கூட்டிட்டுக் கெளம்புங்க. திரும்பிப் பாக்க வேணாம்."

பாதை முடியும் இடத்துப் பாறையின் மேல் மரியசெல்வமும் சூசைராஜும் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் வாத்தியாரே இவ்வளவு நேரம்? நீங்க முன்னாடி போங்க, நாங்க மெதுவா வாரோம்னீங்களேன்னுதான் நாங்க நிக்காம வந்துட்டோம்," என்றார் மரியசெல்வம்.

வெயில் ஏறியிருந்தது. தூரத்தில் சித்தன்னவாசல் குன்று துடைத்து வைத்ததுபோலத் தெரிந்தது. நிலவழகன் மகளின் தோளைப் பிடித்த கையை எடுக்காமலேயே நின்றார்.

செவந்தியிடம் அவர் முழுதாகச் சொல்லவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள், உள்ளங்கையில் நாலு தையல், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. மரியசெல்வம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு அவரும் சைக்கிளைத் தொடுவதில்லை என்று சூசைராஜ் சொன்னான். சுடர்விழி பொதுத்தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தாள். சிலநாள் சாப்பாட்டு நேரத்தில், "கூப்பிட்டீங்களாப்பா?" என்று அறையிலிருந்து எழுந்து வருவாள். இல்லை என்று அவர் சொன்னதும் திரும்பிப் போய்விடுவாள். நிலவழகன் வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம், மகளின் சைக்கிளை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். கேள்விப்பட்டுக் கறம்பக்குடியிலிருந்து ஆனந்தராஜ் என்ற உரக்கடைக்காரர் வந்தார். பருத்த, சிரித்த முகமுள்ள மனிதர். டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கிறாராம்.

"மெயின் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன் சார்," என்று ஏறிப் போனார்.

நிலவழகன் வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றார். தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சுடர்விழி காய்ந்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். போன வருடம் எழுப்பிய மாடி அது. பின்பக்கம் இன்னும் கைப்பிடிச் சுவர் கட்டவில்லை.

பத்து நிமிடத்தில் ஆனந்தராஜ் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"வண்டி பஞ்சு மாதிரி ஓடுதுங்க. ஆனா நீங்க பின்னாடியே ஓடியாந்திருக்க வேணாம். நான் ஒன்னும் தூக்கிட்டுப் போயிட மாட்டேன்."

"நான் எங்கயும் வரலைங்க. இங்கேயேதான் நிக்கிறேன்."

"வெளாடாதீங்க சார். பள்ளம், கல்லுன்னு வழி நெடுகச் சொல்லிட்டே வந்தீங்க. மெயின் ரோட்டுல ஏறப் போறப்ப வழி சரின்னீங்க. ஒங்க பேச்ச நம்பி ஏறிருந்தா இந்நேரம் நான் இல்ல. டிப்பர் லாரி ஒன்னு இந்தா, சட்டைய ஒரசிட்டுப் போச்சு."

நிலவழகன் சைக்கிளைப் பார்த்தார். இதை இந்த மனிதர் தலையில் கட்டிவிட்டால் அந்தக் குரலும் இதோடு போய்விடும் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே கணம்தான். கை நீட்டி சைக்கிளை வாங்கிக்கொண்டார்.

"விக்கலைங்க. மன்னிச்சுக்கங்க."

"இப்ப ஏன் சார் இப்படி?" ஆனந்தராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அது நீங்க இல்லேன்னா, எனக்கு முன்னாடி கேட்டத் தாண்டி உள்ள போனது யாரு?"

வீட்டுக்குள்ளிருந்து கருகிய மருந்து வாடை மெல்ல வந்தது.

மாடியில் யாரோ நடக்கும் சத்தம். துணி உதறும் சத்தம் நின்றது. பின்பக்கமாக நகரும் சுடர்விழியின் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய குரல், எப்போதும்போல இயல்பாக.

"இதோ வாரேம்ப்பா!"

நிலவழகன் இன்னும் வாயே திறக்கவில்லை.