மூளைக்குள் ஒரு சாட்சி!

கட்டிலில் உடல் கிடந்தது.

அசைவில்லை. பேச்சில்லை.

ஒரேயொரு குறை... உடல் இன்னும் சாகவில்லை!

உடலின் பெயர் இளையதம்பி. எட்டு மாதத்துக்கு முன்புவரை விசுவமடுவில் அவர் இருமினால் மூன்று வாய்க்கால் தள்ளிப் படுத்திருக்கும் மாடுகள் எழும்பி நிற்கும். நான் மிகைப்படுத்தவில்லை. இரண்டு வாய்க்கால் என்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விடிகாலை, வாய்க்கால் கரையில் மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் மண்வெட்டி.

பக்கத்து வயல்கார வீரையாவின் மண்வெட்டி!

முதல்நாள்தான் இருவருக்கும் தண்ணீர் முறைக்குச் சண்டை.

“நான் அடிக்கலைங்க சார்! அவரைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனதே நான்தாங்க!”

விலங்கு போட்ட கைகளால் வீரையா கும்பிட்டான்.

“அதை அவரே சொல்லட்டும்” என்றார் இன்ஸ்பெக்டர் ஜனார்த்தனன். “டொக்டர், உங்கட தொப்பியின்ர சாட்சி கோட்டில செல்லுமோ தெரியாது. எனக்குச் செல்லும்.”

டொக்டர் மேனுகா தண்ணீரூற்று என்ற ஊரில் பிறந்தவள். வெளிநாட்டில் மூளையை ஆராய்ந்துவிட்டு, வயர்கள் தொங்கும் ஒரு தொப்பியோடு ஊருக்குத் திரும்பியவள்.

“ஐயா, ஓம் எண்டால் வலக்கையைத் தூக்கிறதா நினையுங்கோ. பச்சை லைற் எரியும். இல்லையெண்டால் காலை ஆட்டுறதா நினையுங்கோ. சிவப்பு. நினைச்சால் காணும், அசைக்கத் தேவையில்லை.”

“நினைக்கிறதெல்லாம் வெளியில வந்தால் எத்தினை குடும்பம் மிஞ்சும்?” இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தார்.

மேனுகாவின் உதவியாளன் சுமன் தொப்பியை மாட்டினான். மூன்று மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவன். கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்தான்.

“ஐயா, உங்களுக்கு அடிச்சது வீரையாவோ?”

பச்சை!

“ஐயோ... எம் புள்ளைங்க!”

வீரையா தரையில் சரிந்தான். இன்ஸ்பெக்டர் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

மேனுகா தொப்பியைக் கழற்றினாள். விரல் வழுக்கியது. முகர்ந்தாள்.

நல்லெண்ணெய்!

“ராஜினியக்கா... தலைக்கு எண்ணெய் வைச்சனீங்களோ?”

இளையதம்பியின் மனைவி ராஜினி நிமிர்ந்தாள்.

“பின்ன? இண்டைக்குச் சனிக்கிழமையெல்லே! பொலிசுக்கு முன்னால மனுசனைக் காய்ஞ்ச தலையோட விடுறதே? அரைப் போத்தல் தேய்ச்சனான்.”

இன்ஸ்பெக்டரின் கண்கள் சுருங்கின.

“புருசன் கதைக்கக் கூடாதெண்டோ?”

“என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? எட்டு மாசமாப் பீ மூத்திரம் அள்ளுறவள் நான்!”

“அவாவை விடுங்கோ சேர்” என்றாள் மேனுகா. “இவ்வளவு எண்ணெய்க்குள்ளால மூளையின்ர மின்சாரம் வராது. மிசின் ஊமையா இருந்திருக்கவேணும். அப்ப... பச்சை லைற்றைப் போட்டது ஆர்?”

எல்லாக் கண்களும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பின.

சுமன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

“மி... மிசின் பிழையா இருக்கும் டொக்டர்...”

“அப்ப திரும்பக் கேப்பம். நீர் எழும்பும். நான் இருக்கிறன்.”

மூன்று தரம் ஷாம்பு. நான்கு வாளி தண்ணீர். இளையதம்பி கல்யாணத்துக்குக்கூட இப்படிக் குளித்திருக்க மாட்டார்!

மறுபடியும் தொப்பி.

“ஐயா... உங்களை இந்த நிலைக்கு ஆக்கினது சுமனோ?”

ஒரு விநாடி... இரண்டு... மூன்று...

பச்சை!

“வேணுமெண்டு செய்யேல்லை!” சுமன் அலறினான். “இருட்டுக்குள்ள என்ர மோட்டார் சைக்கிள் அவரில தட்டுப்பட்டிட்டுது! கரையில கிடந்த மண்வெட்டியைத்தான் பக்கத்தில கொண்டுவந்து போட்டனான்!”

“மோட்டார் சைக்கிளோ!” இன்ஸ்பெக்டர் வாய் பிளந்தார். “அட, இந்தாள் வாய் திறக்கேக்க பக்கத்தில நிக்கோணுமெண்டுதான் வேலைக்குச் சேர்ந்தனியோ?”

விலங்கு கை மாறியது. வீரையா ஓடிப்போய் இளையதம்பியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

“டொக்டர், கோட்டில சாட்சிக் கூண்டில ஏத்தவேண்டியது இந்தத் தொப்பியைத்தான்!” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வேண்டாம் சேர். தலை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. சிக்னல் எல்லாம் ஒண்டோட ஒண்டு கலந்துபோம். மிசின் இப்பவும் ஒண்டும் சொல்லேல்லை.”

“அப்ப பச்சை லைற்?”

“நான் போட்டது.”

இன்ஸ்பெக்டர் பொத்தென்று கதிரையில் விழுந்தார்.

“அப்ப... இளையதம்பி உண்மையில என்னதான் சொல்லுறார்?”

மேனுகா தலை துவட்டத் துவாயை எடுத்து ராஜினியிடம் எறிந்தாள்.

“தலை காயட்டும் சேர்... கேட்டுப் பாப்பம்!”